ஐரீன் புயலுக்குப் பிறகு காயல் கரையில் மிஞ்சியது எது? வட கரோலினா, 2011

2011 ஆகஸ்ட் 27 காலை, ஐரீன் புயல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கேப் லுக்அவுட் பக்கம் கரையேறியது. மணிக்குச் சுமார் 140 கி.மீ. வேகக் காற்று. அமெரிக்கச் சூறாவளி அளவுகோலில் அது முதல் வகை, அதாவது இருப்பதிலேயே கீழ்ப்படி. அந்தக் கரைக்காரர்கள் அதைவிடப் பெரிய புயல்களைப் பார்த்தவர்கள்தான். ஆனால் புயல் போன பிறகு மத்திய அவுட்டர் பேங்க்ஸ் என்ற தீவுப் பகுதியின் காயல் ஓரத்தை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, அவர்கள் பார்த்த கரைச்சுவர்களில் 76 சதவீதம் சேதமாகியிருந்தது. சுவர் அல்லாத மற்ற பாதுகாப்பு முறைகளில் சேதம் ஒன்றும் தென்படவில்லை.

நீர்முகத்தில் வீடு வைத்திருக்கும் எவருக்கும் இந்த எண் உறுத்த வேண்டும். மண் அரிப்பு என்றதும் முதலில் கூப்பிடுவது சுவர் கட்டுபவரைத்தான். அதே சமயம் இந்த ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ‘சுவரை இடி, புல்லை நடு’ என்று முடிவு கட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அன்று என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதில் எவ்வளவை ஒரு வீட்டுக்காரர் தன் கரைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இடம் எப்படிப்பட்டது

வட கரோலினாவுக்குக் கரை இரண்டு அடுக்கு. அட்லாண்டிக்கை நேரே பார்த்தபடி, நூல் மாதிரி நீண்டு கிடக்கும் மணல் தீவுகள். இவைதான் அவுட்டர் பேங்க்ஸ். அவற்றின் முதுகுப் பக்கம் அகலமான, ஆழம் குறைந்த காயல்கள். பாம்லிகோ காயல் மட்டுமே ஏறக்குறைய 130 கி.மீ. நீளம். தீவில் வீடு வைத்திருப்பவருக்கு முன்வாசலில் கடல், பின்வாசலில் காயல்.

கடல் முகத்தில் நிரந்தரச் சுவர்களுக்கு அந்த மாநிலத்தில் 1985 முதல் தடை இருக்கிறது. 2003இல் அந்த விதி சட்டமாகவே ஆனது. சுவர் கட்டினால் அதன் முன்னாலிருக்கும் மணற்கரை காணாமல் போகும் என்று பட்டுத் தெரிந்துகொண்ட மாநிலம் அது. ஆனால் தடை கடல் முகத்தோடு நின்றுவிட்டது. காயல் பக்கத்திலும் ஆற்று முகத்திலும் அவரவர் நிலத்துக்கு அவரவர் சுவர் எழுப்பலாம். எழுப்பினார்கள். அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால், கரையின் 14 சதவீதம், அதாவது 22,842 கி.மீ., கட்டுமானத்தால் இறுக்கப்பட்டிருக்கிறது என்று 2015இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. இதில் பெரும்பகுதி அலை கொந்தளிக்கும் திறந்த கடலோரம் அல்ல. காயல், கழிமுகம், விரிகுடா போன்ற ஒதுங்கிய நீர்நிலைகள். சுவரே தேவைப்படாத இடங்களில்தான் சுவர் அதிகம் என்று கூடச் சொல்லலாம்.

இந்தச் சுவர்களுக்கு மாற்றாக அங்கே வளர்ந்துவந்த முறைக்கு ‘உயிர்க்கரை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். கரையைச் சரிவாக்கி, உப்புநீரில் வளரும் சதுப்புப் புல்லை நடுவது அடிப்படை. அலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும் இடத்தில், புல்லுக்கு முன்னால் நீருக்குள் தாழ்வாக ஒரு கல் வரப்போ சிப்பி ஓட்டு வரப்போ போடுவார்கள். புதிய யோசனை அல்ல இது. 1970களிலேயே வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்பார்ட்டினா என்ற சதுப்புப் புல்லை நட்டு வளர்க்கும் முறைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மேரிலாந்தில் எட்கர் கார்பிஷ் என்ற வேதியியலாளர் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, செசபீக் விரிகுடாவில் சதுப்பு நடுவதையே முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டதும் அதே காலம்தான்.

ஆனால் நாற்பது வருடமாகியும் ஒரு கேள்விக்கு யாரிடமும் அளந்து வைத்த பதில் இல்லை. புயல் வந்தால் இந்தப் புல் தாங்குமா?

அளவெடுத்து வைத்திருந்த அதிர்ஷ்டம்

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கிட்மேனும் அவருடைய குழுவும் ஐரீனுக்கு முன்பே சில சதுப்புக் கரைகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கல் வரப்பு போட்ட சதுப்பு சில, வரப்பில்லாத சதுப்பு சில. ஒவ்வொன்றிலும் மண்ணின் மேல்மட்டம் எவ்வளவு உயரம், ஒரு சதுர அளவுக்குள் எத்தனை புல் தண்டுகள் என்பதெல்லாம் ஏட்டில் இருந்தன. புயல் கரையேறிய இடத்திலிருந்து 25 கி.மீ.க்குள் இருந்த கரைகள் அவை. புயல் போனதும் அதே இடங்களை மறுபடி அளந்தார்கள். இன்னொரு பக்கம், மாநிலக் கரையின் மூன்று வட்டாரங்களில் எந்த வகைக் கரைக்கு என்ன சேதம் என்று வகைபிரித்துக் குறித்தார்கள். முடிவுகள் 2014இல் வெளிவந்தன.

புயலுக்குப் பிறகு வந்து பார்த்து ‘இங்கே நிறைய மண் போயிருக்கும் போல’ என்று ஊகிப்பது எளிது. புயலுக்கு முன் அளவு கையில் இருப்பது அபூர்வம். இந்த ஆய்வுக்கு எடை வந்தது அதனால்தான்.

சுவர் எப்படி விழுகிறது

ஐரீன் வடக்கு-வடகிழக்காக நகர்ந்தது. அது நெருங்கும்போது கிழக்குக் காற்று பாம்லிகோ காயலின் நீரை மேற்கே தள்ளிக்கொண்டு போய் ஆறுகளுக்குள் ஏற்றியது. மையம் கடந்ததும் காற்று திசை மாறி மேற்கிலிருந்து அடித்தது. மேற்கே குவிந்திருந்த நீர் முழுவதும் தீவுகளின் முதுகை நோக்கித் திரும்பி வந்தது. தீவுகளுக்கு நடுவே காயலையும் கடலையும் இணைக்கும் ஓரெகன் இன்லெட் பகுதியில் நீர்மட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறியது. ஹேட்டராஸ் தீவின் ஒரே நெடுஞ்சாலை, ரொடாந்தே பக்கத்திலும் அதற்கு வடக்கேயும் அறுந்து போனது. கடலைப் பார்த்துப் பயந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அடி பின்வாசல் வழியாக வந்தது.

மத்திய அவுட்டர் பேங்க்ஸில் அன்று காற்றும் பலம், அது நீரின் மேல் தடையின்றி ஓடிவரும் தூரமும் அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் அலை பெரிதாகும். 76 சதவீதம் என்ற எண் இந்தப் பகுதிக்கு உரியது. மாநிலம் முழுமைக்கும் அதை நீட்டிவிடக் கூடாது.

ஒரு கரைச்சுவரை வெட்டிப் பார்த்தால் என்ன இருக்கும்? மரப் பலகையோ வினைல் தகடோ வரிசையாக மண்ணுக்குள் அடித்திருப்பார்கள். மேலே ஒரு விட்டம். பின்பக்கம் இரும்புக் கம்பிகள் நிலத்துக்குள் ஓடி, புதைத்து வைத்த கட்டைகளில் கட்டப்பட்டிருக்கும். சுவருக்கும் பழைய கரைக்கும் இடையில் மண் நிரப்பி, மேலே புல்தரை போட்டு, நீர் விளிம்பு வரை சமதளமாக்கியிருப்பார்கள். பார்க்க ரொம்ப உறுதி. ஆனால் அந்த உறுதி முழுவதும் இரண்டு விஷயங்களை நம்பி நிற்கிறது: முன்னால் அடியில் இருக்கும் மண் அங்கேயே இருக்க வேண்டும், பின்னால் நிரப்பிய மண்ணும் அங்கேயே இருக்க வேண்டும்.

சரிவான கரையில் அலை ஏறி, உருண்டு, மூச்சு வாங்கித் திரும்பும். செங்குத்துச் சுவரில் அதற்கு ஏற இடமில்லை. கொஞ்சம் மேலே தெறிக்கிறது, கொஞ்சம் எதிரே திரும்புகிறது, மிச்சம் சுவரின் காலடியைக் குடைகிறது. அடிமண் குறையக் குறைய முன்னால் ஆழம் கூடும். ஆழம் கூடினால் அடுத்து வரும் அலை இன்னும் பெரிதாகச் சுவரை வந்தடையும். இது புயல் இல்லாத நாளிலும் மெல்ல நடந்துகொண்டேதான் இருக்கிறது.

புயலன்று நடப்பது வேறு. நீர் சுவருக்கு மேலே ஏறிப் பின்பக்கம் நிரம்பிவிடும். புல்தரைக்கு அடியில் இருக்கும் நிரப்பு மண் ஊறிக் கனக்கும். வெளியே காயல் மட்டம் இறங்கும்போது உள்ளே தேங்கிய நீருக்குப் போக வழியில்லை. அது சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். பலகை இடுக்குகள் வழியாக மண்ணைக் கரைத்துக்கொண்டு கசியும். சுவர் நின்றிருந்தாலும் பின்னால் பொந்து விழுந்திருக்கும். சில இடங்களில் கம்பியோ கட்டையோ விட்டுக்கொடுத்து, சுவரே முன்னால் சாயும். மூன்றாவது வழி ஓரங்கள்: சுவர் முடியும் இடத்தில் அலை வளைந்து உள்ளே புகுந்து முதுகுப் பக்கமாக வந்துவிடும்.

சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்பதில்லை என்பதுதான் வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது. இருபது வருடம் அசையாமல் நிற்கும், ஒரே ராத்திரியில் போகும். போனால் தானாக எழுந்திருக்காது. மறுநாள் காலையில் ஒப்பந்தக்காரர்களின் வரிசையில் ஊரே நிற்கும்.

புல் என்ன ஆனது

வரப்புப் போட்ட சதுப்பிலும் சரி, வரப்பில்லாத சதுப்பிலும் சரி, மண்ணின் மேல்மட்டம் ஐரீனால் மாறவில்லை. புல் அடர்த்தி குறைந்தது உண்மை. ஒரு வருடத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டது. யாரும் எதையும் திரும்ப நடவில்லை, தானாக வந்தது.

இதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும் தண்டு மட்டுமல்ல. ஸ்பார்ட்டினா ஆல்டெர்னிஃப்ளோரா என்ற அந்தப் புல் மண்ணுக்கடியில் கிடைமட்டத் தண்டுகளைப் பாய் பின்னியது போல ஓட்டி வைக்கும். மேலே தண்டு ஒடிந்தாலும் பாய் கிழியவில்லை என்றால் அடுத்த பருவத்தில் முளைக்கும். மேலே நிற்கும் தண்டுகளுக்கும் வேலை உண்டு: செசபீக் விரிகுடாவில் 1980களின் தொடக்கத்தில் எடுத்த அளவுகளின்படி, சதுப்புக்குள் நுழையும் அலை முதல் இரண்டரை மீட்டரிலேயே பாதிக்கு மேல் வலு இழந்தது. வேகம் இழந்த நீர் தான் சுமந்துவந்த மண்ணைக் கீழே போடும். கரை அரிபடாமல் இருப்பதோடு கொஞ்சம் உயரவும் செய்யும். வட கரோலினாவில் கடல்மட்டம் வருடத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் ஏறிக்கொண்டிருப்பதால் இந்த உயர்வு சில்லறை விஷயம் அல்ல.

இங்கேதான் முன்னால் சொன்ன தயக்கத்துக்கு வருகிறேன்.

ஐரீன் அன்று நீர் சதுப்புக்கு மேலே உயர ஏறிவிட்டது. புல் மூழ்கிக் கிடந்தது. பெரிய அலைகள் அதன் தலைக்கு மேலே போயின. சதுப்பின் விளிம்பை அறுக்கும் வேலையை அலை செய்வது நீர்மட்டம் அந்த விளிம்பின் உயரத்தில் நிற்கும்போதுதான். பல நாட்டுச் சதுப்புகளின் அளவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, நீண்ட கால அரிப்பில் கடும் புயல்களின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டது. மிச்சமெல்லாம் அடிக்கடி வரும் நடுத்தரக் காற்றின் வேலை. அதனால் ‘புயலையே தாங்கிய புல், சாதாரண நாளைத் தாங்காதா’ என்று கேட்பது தலைகீழ்க் கணக்கு. சதுப்புக்குப் புயல் சுலபமான பரீட்சை. வருடத்தில் முந்நூறு நாளும் வந்து விளிம்பைச் சுரண்டும் சின்ன அலைதான் கஷ்டமான பரீட்சை.

கல் வரப்பின் வேலையும் இப்போது புரியும். ஐரீனில் வரப்பு இருந்ததும் இல்லாததும் ஒரே மாதிரித் தப்பின. வரப்பு வீண் செலவா என்று யாராவது கேட்கலாம். வரப்பு அன்றைக்காகப் போட்டதே இல்லை. அது மற்ற நாட்களுக்காக.

இன்னொன்றும் உண்டு. அவுட்டர் பேங்க்ஸில் சுவர் கட்டிய இடமும் புல் இருந்த இடமும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தவை அல்ல. அரிப்பு மோசமான இடத்தில்தான் வீட்டுக்காரர் சுவரைத் தேடியிருப்பார் என்று வாதாடலாம். இந்த வாதத்தை முற்றிலும் ஒதுக்க முடியாது. ஆனால் பிறகு வந்த புயல்களும் அதே திசையைத்தான் காட்டின. 2016இல் மேத்யூ புயலின்போது, வரப்புடன் கூடிய சதுப்புகள் பக்கத்துச் சாதாரணச் சதுப்புகளைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. 2018 செப்டம்பரில் புளோரன்ஸ் புயல் வந்துபோன பிறகு ஆளில்லா விமானத்தில் படமெடுத்து அளந்தபோதும் உயிர்க்கரைகளின் விளிம்பு பின்வாங்குவது குறைந்திருந்தது. ஒதுங்கிய காயல், கீழ்வகைப் புயல் என்ற எல்லைக்குள் முடிவு உறுதியாக நிற்கிறது. திறந்த கடல் முகத்துக்கு இதை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு வீட்டுக்காரர் இதை எப்படிச் செய்கிறார்

முதல் வேலை வரைபடத்தில். வீட்டுக் கரையிலிருந்து எதிர்க்கரை வரை, பலமான காற்று வரும் திசையில், எவ்வளவு தூரம் திறந்த நீர் இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் புல் மட்டுமே போதுமான இடங்கள் உண்டு. சில கிலோமீட்டர் என்றால் வரப்பு தேவை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் பொறியாளர் இல்லாமல் இறங்கக் கூடாது. தூரம் குறைவாக இருந்தாலும் படகுப் போக்குவரத்து அதிகமான கால்வாய் என்றால் கணக்கு மாறும். படகு கிளப்பும் அலைக்குக் காற்று வேண்டாம்.

அடுத்து ஆழம். கரையோரம் சட்டென்று ஆழமாகிறது என்றால் வரப்பு நிற்க மேடை இருக்காது. வெகுதூரம் முழங்கால் அளவுதான் என்றால் நல்லது, அந்த மேடையே பாதி அலையைத் தின்றுவிடும்.

அப்புறம் வருவது சரிவு. பல திட்டங்கள் இங்கேதான் பேச்சோடு நின்று போகின்றன. புல் வளர ஏறக்குறைய பத்துக்கு ஒன்று என்ற சரிவு வேண்டும், அதாவது ஒரு மீட்டர் உயரம் இறங்கப் பத்து மீட்டர் நீளம். வீட்டுப் புல்தரை நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே செங்குத்தாக நின்றால், அந்தப் பத்து மீட்டர் எங்கிருந்து வரும்? ஒன்று நிலத்துக்குள் வெட்டி இறக்க வேண்டும், இல்லையென்றால் நீர்ப்பக்கம் மணல் கொட்டி நீட்ட வேண்டும். நீர்ப்பக்கம் அவருடையது அல்ல. சராசரி உயர்நீர் கோட்டுக்குக் கீழே உள்ள அடிநிலம் வட கரோலினாவில் பொதுச்சொத்து. மீன் குஞ்சுகளும் சிப்பியும் வாழும் ஆழமற்ற அடிநிலத்தை மணல்போட்டு மூடுவதை மீன்வள அதிகாரிகள் விரும்புவதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. 2017இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உயிர்க்கரைகளுக்கென்று கொண்டுவந்த 54ஆம் எண் பொது அனுமதியும் (ஒரே வகை வேலைகளுக்கெல்லாம் முன்கூட்டியே வகுத்து வைத்த அனுமதி), தாழ்நீர் கோட்டிலிருந்து 30 அடிக்கு மேல் நீருக்குள் போகக் கூடாது என்றே வரம்பு கட்டியது. ஆகவே பெரும்பாலும் விடை இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். வீட்டுக்காரர் தன் புல்தரையில் சில மீட்டரை விட்டுக்கொடுக்க வேண்டும். பணத்தைவிட இதுதான் பலருக்கு வலிக்கிறது. அந்தச் சில மீட்டர் சுவருக்குப் பின்னால் இருந்தாலும் கடனாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் கேட்கப் பிடிப்பதில்லை.

புல் எந்த மட்டத்தில் எது என்பதில் விளையாட முடியாது. ஸ்பார்ட்டினா ஆல்டெர்னிஃப்ளோரா நடுநீர் மட்டத்திலிருந்து உயர்நீர் மட்டம் வரை. அதற்கு மேலே ஸ்பார்ட்டினா பேட்டன்ஸ் என்ற மெல்லிய வகை. பாம்லிகோ போன்ற காயலின் உட்பகுதியில் கருங்கோரை போலத் தோன்றும் ஜங்கஸ் ரோமேரியானஸ் இயல்பாகவே மண்டிக் கிடக்கும். அதற்கும் மேலே உப்புக்காற்றைத் தாங்கும் புதர்கள். மெழுகு மிர்ட்டில் அங்கே சகஜம். 20 செ.மீ. மேலேயோ கீழேயோ தவறி நட்டால் நாற்று முழுக்க அழுகும் அல்லது காயும். பாம்லிகோவில் இன்னொரு சிக்கல்: அங்கே நிலவு இழுக்கும் ஓதம் மிகச் சிறிது, காற்றுதான் மட்டத்தை ஏற்றி இறக்குகிறது. ஓத அட்டவணையைப் பார்த்து நட முடியாது. பக்கத்தில் இயற்கையாக நிற்கும் சதுப்பில் எந்தப் புல் எந்த உயரத்தில் முடிகிறது என்று மட்டக்கருவி வைத்துப் பார்த்து, அதே உயரத்தைத் தன் கரைக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். கணக்கைப் புல்லே போட்டு வைத்திருக்கிறது.

நாற்றுக்கு நாற்று 45 செ.மீ. இடைவெளி, வசந்தத்தில் நடவு. பாய் பின்ன இரண்டு மூன்று பருவம் ஆகும். அதுவரை மண்ணைப் பிடித்துக்கொள்ள, அலை மென்மையான இடங்களில் தென்னை நார் உருளைகளைக் கட்டி வைப்பார்கள். சில வருடங்களில் அவை மக்கிப் போகும், அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். கனடா வாத்துகள் இளம் நாற்றை வேரோடு பிடுங்கித் தின்னும் என்பதால் முதல் வருடம் கயிறும் குச்சியும் கொண்டு வேலி கட்டுவது வழக்கம். வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். கரையில் அழகாகச் சாய்ந்து நிற்கும் மரத்தின் நிழலில் நட்டு, புல் செத்துப்போய், ‘இந்த முறையே உதவாது’ என்று சொன்ன கதைகள் ஏராளம். கிளையைக் கழிக்க வேண்டியதுதான்.

கல் வரப்பு எவ்வளவு உயரம்? தாழ்வாக. வட கரோலினாவின் பொது அனுமதி விதிப்படி, வழக்கமான உயர்நீர் மட்டத்துக்கு மேலே கொஞ்சம்தான் எழலாம். நூறு அடிக்கு ஒரு இடத்தில் ஐந்தடி திறப்பு விட வேண்டும். திறப்பு இல்லையென்றால் மீனும் நண்டும் ஆமையும் சதுப்புக்குள் வர முடியாது. உள்ளே நீர் தேங்கிப் புல்லும் வாடும். பயத்தில் வரப்பை உயர்த்திக்கொண்டே போகிறவர் கடைசியில் சாய்ந்த வடிவில் ஒரு சுவர் கட்டி முடித்திருப்பார். நீரின் உப்பளவு சிப்பிக்குப் பொருந்தினால் கல்லுக்குப் பதிலாகச் சிப்பி ஓடு நல்லது. பழைய ஓட்டின் மேல் புதுச் சிப்பிக் குஞ்சு ஒட்டி வளரும். வட கரோலினாவில் அளந்த வரை, ஓதமட்டத்தில் இருக்கும் சிப்பிப் பாறை கடல்மட்ட உயர்வை மிஞ்சும் வேகத்தில் வளரக் கூடியது. கல் வளராது.

பராமரிப்பு அதிகமில்லை, ஆனால் உண்டு. புயலுக்குப் பிறகு ஒதுங்கும் செத்த புல்லும் பலகைத் துண்டுகளும் பாய் போல மூடிக் கிடந்தால் அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். வாரி எடுக்க வேண்டும். கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் ஒரே இடத்தில் கரையில் விழும்படி குழாய் வைத்திருந்தால், அலை செய்யாத அரிப்பை அதுவே செய்துவிடும். புல்வெட்டும் எந்திரத்தை மட்டும் கிட்டக் கொண்டுவரக் கூடாது.

ஏற்கெனவே சுவர் இருக்கும் வீடு என்றால் முதல் நாளே பிடுங்க வேண்டியதில்லை. முன்னால் மணல் போட்டுப் புல் பிடித்த பிறகு சுவரைத் தாழ்த்தி வெட்டுவது பாதுகாப்பான வரிசை. விழும் நிலையில் இருக்கும் சுவருக்கு இந்த அவகாசம் கிடைக்காது. அதனால் சுவருக்கு வயதாகும்போதே யோசிப்பது நல்லது.

பிறகும் ஏன் சுவர்?

அனுமதி ஒரு காரணம். வட கரோலினாவில் கரைச்சுவருக்கு ஓரிரு நாளில் பொது அனுமதி வாங்கிவிடலாம். வரப்புச் சதுப்புக்கென்று 2005இல் பொது அனுமதி வந்தாலும் அது பல துறைகளின் பார்வைக்குப் போய் வர வேண்டியிருந்தது. மேரிலாந்து இதைத் தலைகீழாக்கியது: அங்கே 2008 சட்டப்படி உயிர்க்கரைதான் இயல்பு, சுவர் வேண்டுமென்றால் விலக்கு கேட்க வேண்டும். வர்ஜீனியாவும் 2020இல் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்தது. சட்டத்தை இப்படித் திருப்பிப் போட்டால் வீட்டுக்காரரின் முதல் தொலைபேசி அழைப்பே வேறு ஆளுக்குப் போகும்.

பக்கத்து வீடு இன்னொரு காரணம், என் கணக்கில் பெரிய காரணம். அலபாமாவின் மோபில் விரிகுடாவில் வீட்டுக்காரர்களிடம் கேட்டு 2015இல் வெளியான ஆய்வில், ஒருவர் சுவர் கட்டுவாரா என்பதை முன்கூட்டிச் சொல்ல உதவியவற்றில் முக்கியமானது அண்டைவீட்டுக் கரை எப்படி இருக்கிறது என்பதுதான். இது வெறும் பார்த்துச் செய்வதும் அல்ல. பக்கத்துச் சுவர் முடியும் மூலையில் அலை வளைந்து நம் நிலத்தைக் கடிக்கும். அவர் கட்டியதால் நமக்கு அரிப்பு. நாம் கட்டினால் அடுத்தவருக்கு. வரிசையில் முதல் சுவர் விருப்பத்தில் எழுந்தது, மிச்சமெல்லாம் நிர்ப்பந்தத்தில் எழுந்தவை.

மூலைக்கு வழி இல்லாமல் இல்லை. எல்லையில் வரப்பை உள்பக்கமாக வளைத்து, சுவர் முனையோடு கல்லைச் சரிவாகச் சேர்த்து, அந்த ஐந்தாறு மீட்டரில் மட்டும் கூடுதல் கல் போடுவார்கள். இரண்டு வீட்டுக்காரரும் சேர்ந்து செய்தால் செலவும் அனுமதியும் ஒன்றாகிவிடும், மூலை என்ற ஒன்றே இருக்காது. பேச்சுவார்த்தை இல்லாத அண்டை வீடுகளில் இது நடப்பதில்லை.

கடைசியாக, 2017இல் வெளியான இன்னொரு ஆய்வு. வட கரோலினாவில் நீர்முக வீட்டுக்காரர்களிடமே கேட்டார்கள். இயற்கையான கரை வைத்திருப்பவர்களோடு ஒப்பிட்டால், சுவர்க்காரர்கள் புயல் சேதத்தைச் சரிசெய்ய இரண்டு மடங்கும், வருடாந்திரப் பராமரிப்புக்கு நான்கு மடங்கும் செலவிட்டதாகச் சொன்னார்கள். அதே வீட்டுக்காரர்களிடம் எந்தக் கரை நீடித்து உழைக்கும் என்று கேட்டபோது, முதலிடத்தில் வந்தது கரைச்சுவர்.